மீன் சட்டியில் சர்க்கரை

மீனுக்குச் சர்க்கரையா என்று முகத்தைச் சுளிக்காமல் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், சகோதரிகளே. நான் கல்யாணமாகி புதுச்சேரிக்கு வந்த புதிதில் என் பிறந்த வீட்டார் எல்லாரும் இதையேதான் கேட்டார்கள். "உங்க மாமியார் வீட்ல பாயசத்துல கருவாடு போடுவாங்களா?" என்று என் சித்தி செய்த கேலி இன்றைக்கும் எங்கள் குடும்பத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது.

எனக்குப் பிறந்த ஊர் பண்ருட்டிப் பக்கம். எங்களுக்கு மீன் என்றால் புளி, மிளகாய்த்தூள், சீசனில் ஒரு மாங்காய். ரொம்ப மிஞ்சினால் இறக்கும்போது சுண்டைக்காய் அளவு வெல்லம். அதுவும் புளிப்பை அடக்கத்தானே தவிர இனிப்புக்காக இல்லை. ஆனால் என் மாமியார் வீட்டில் மாதம் ஒருமுறை வைக்கும் மீனில் புளி கிடையாது, மஞ்சள் கிடையாது, தேங்காய் அரைப்பதும் கிடையாது. சர்க்கரையைக் கருக்கி, அதில் மீனைப் போட்டுச் சுண்ட வைப்பார்கள். பார்க்கக் கறுப்பாக இருக்கும். வாயில் வைத்தால் முதலில் உப்பு, அப்புறம் மிளகுக் காரம், கடைசியில் நாக்கின் ஓரத்தில் லேசாக ஒரு இனிப்பு. வெறும் வெள்ளைச் சோற்றுக்கு இதைப் போல ஒன்று கிடையாது. எங்கள் வீட்டில் இதற்குப் பெயர் 'சைகோன் மீன்'.

இந்தப் பெயருக்குக் காரணம் சொல்லாவிட்டால் உங்களுக்குப் புரியாது. புதுவையும் காரைக்காலும் பிரெஞ்சுக்காரர் கையில் இருந்த காலத்தில் வியட்நாமும் அவர்கள் கையில்தான் இருந்தது. அதனால் இங்கிருந்து ஏராளமான பேர் சைகோனுக்குப் போனார்கள். போலீஸ், தபால், சுங்கம், பட்டாளம் என்று வேலை பார்த்தவர்கள் ஒரு பக்கம். ஜவுளிக்கடை, வட்டிக்கடை என்று வியாபாரத்துக்குப் போனவர்கள் இன்னொரு பக்கம். நம்ம ஜனங்கள் கட்டிய மாரியம்மன் கோயில் இன்றைக்கும் அந்த ஊரின் நடுவில் இருக்கிறது. போனவர்களில் சிலர் அங்கேயே வியட்நாமியப் பெண்ணைக் கல்யாணம் செய்து கொண்டார்கள். என் அத்தையின் அப்பா அப்படித்தான். ஜவுளிக்கடையில் கணக்கு எழுதியவர். 1954ல் புதுவை இந்தியாவோடு சேர்ந்தபோது அவர் திரும்பி வரவில்லை. 1975 ஏப்ரல் 30ல் சைகோன் விழுந்த பிறகு, அடுத்த வருஷம்தான் குடும்பத்தோடு ஊர் வந்து சேர்ந்தார். அப்போது அத்தைக்கு 18 வயது. கூட வந்த பாட்டிக்குத் தமிழில் நாலு வார்த்தைதான் தெரியுமாம். ஆனால் பெரிய மார்க்கெட்டில் மீன்காரம்மாவிடம் விரலைக் காட்டியே பேரம் பேசி ஜெயித்து விடுவாராம்.

புதுவையில் இப்படிப்பட்ட வீடுகளில் சாயோ என்று ஒரு பலகாரம் பொரிப்பார்கள். அரிசி அப்பளம் மாதிரி ஒரு தாளில் கறியும் சேமியாவும் வைத்துச் சுருட்டியது. அது ஊருக்கே தெரிந்துவிட்டது, ஆர்டர் கொடுத்து வாங்குகிறார்கள். மீன் சமாச்சாரம் மட்டும் அந்தந்த வீட்டு அடுப்போடு நின்றுவிட்டது. அதனால்தான் எழுதுகிறேன்.

வியட்நாம் பாஷையில் இதற்குப் பெயர் 'கா கோ'. கா என்றால் மீன். கோ என்றால் உப்பும் இனிப்புமான நீரில் சுண்ட வைப்பது. மண் சட்டியில் செய்வதால் பின்னால் 'தோ' என்று சட்டியின் பெயரையும் சேர்ப்பார்களாம். அங்கே இதற்குப் பேர்போன மீன்களில் ஒன்று எது தெரியுமா? நம்ம விரால்! கெளுத்தியிலும் செய்வார்கள். ஏரியும் வாய்க்காலும் உள்ள இடத்துச் சமையல் எங்கே போனாலும் ஒன்றுதான் போலிருக்கிறது.

இதில் முக்கியமான சாமான் இரண்டு. ஒன்று 'நுக் மாம்' என்கிற மீன் சாறு. நெத்திலி மாதிரிப் பொடி மீனை மூன்று பங்குக்கு ஒரு பங்கு உப்புப் போட்டு, பெரிய மரத் தொட்டியில் ஒரு வருஷம் ஊற வைத்து வடிக்கிற சாறு. மூடியைத் திறந்தால் கருவாட்டுச் சந்தைதான்! என் வீட்டுக்காரரே மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் பாட்டிலை எடுத்துக் கொடுப்பார். கொதித்ததும் அந்த வாடை இருந்த இடம் தெரியாது. இப்போது பெரிய கடைகளில் 'ஃபிஷ் சாஸ்' என்று கேட்டால் தருகிறார்கள். பாட்டி வந்த காலத்தில் அது ஏது? நெத்திலிக் கருவாட்டைக் கழுவி, தண்ணீரும் உப்பும் விட்டுக் கொதிக்க வைத்து, துணியில் வடிகட்டி வைத்துக் கொள்வாராம். "வாசனை பாதிதான் வரும், ஆனா மனசு ஆறிடும்" என்பார் அத்தை.

இன்னொன்றுதான் கருக்கிய சர்க்கரை. கிறிஸ்துமஸ் கேக்குக்கு நிறம் வர சர்க்கரையைக் கருக்குகிறோமே, அதேதான். இந்தச் சமையலின் உயிரே இங்கேதான் இருக்கிறது. சர்க்கரை உருகி தேன் நிறத்தில் இருக்கும்போது மீனைப் போட்டால் அது மிட்டாய் மீன். தித்திக்கும், ஒரு துண்டுக்கு மேல் இறங்காது. இன்னும் கொஞ்சம் கருக விட்டால்தான் சர்க்கரையின் தித்திப்பு குறைந்து, உள்ளே ஒரு இளங்கசப்பு வரும். அந்தக் கசப்புதான் உப்பையும் இனிப்பையும் ஒன்றோடொன்று சண்டை போடாமல் பிடித்து வைக்கிறது. ஆனால் அரை நிமிஷம் தாண்டினால் கரி. எங்கே நிறுத்துவது? "புளியங்கொட்டை நிறம்" என்பார் அத்தை. இதைவிடச் சரியாக யாரும் சொல்ல முடியாது.

இங்கேதான் ஒரு சங்கடம் வந்தது. அத்தைக்கு ரொம்ப வருஷமாகச் சர்க்கரை நோய். அது கண்ணின் விழித்திரையைப் பாதித்துவிட்டது. லேசர் வைத்தியம் செய்து மேலும் கெடாமல் நிறுத்தியிருக்கிறார்கள், போன பார்வை திரும்பவில்லை. ஆள் வருவது நிழலாகத் தெரியும். தேன் நிறத்துக்கும் புளியங்கொட்டை நிறத்துக்கும் வித்தியாசம் தெரியாது. இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, "இனிமே நீதான் சட்டியப் பாக்கணும். நான் வாசனை பாக்கறேன்" என்று கரண்டியை என்னிடம் கொடுத்துவிட்டார்.

அன்று முதல் எங்கள் சமையல் இப்படித்தான் நடக்கிறது. அத்தை அடுப்படி வாசலில் மணை போட்டு உட்கார்ந்து கொள்வார். நான் நிறத்தைச் சொல்வேன், அவர் வாசனையைச் சொல்வார். முதலில் கரும்புச் சாறு காய்ச்சுகிற மணம். அப்போது நிறம் இளந்தேன். அடுத்து பொரிவிளங்காய் உருண்டைப் பாகு மாதிரி ஒரு மணம். அப்போது கருப்பட்டி நிறம். அப்புறம் மெல்லிசாக ஒரு புகை எழுந்து மூக்கின் நடுத்தண்டில் ஏறும். "ஏறுது, ஏறுது... ஊத்தும்மா!" என்பார். எட்டிப் பார்த்தால் சொல்லி வைத்தாற்போல் புளியங்கொட்டை நிறம்! கண் உள்ள எனக்குக் கிடைக்காத துல்லியம் அவர் மூக்குக்கு இருக்கிறது. நானும் இப்போது நிறத்தைப் பார்ப்பதோடு மோந்தும் பார்க்கிறேன். என்றைக்காவது உதவும்.

செய்முறையைச் சொல்லிவிடுகிறேன். ஆறு பேருக்கு முக்கால் கிலோ விரால் வாங்குங்கள். உயிரோடு இருப்பதாகப் பார்த்து வாங்கி, அங்கேயே செதில் தேய்க்கச் சொல்லி, தோலோடும் முள்ளோடும் ஒரு அங்குல கனத்தில் துண்டு போட்டு வாருங்கள். தோல் இருந்தால்தான் துண்டு உடையாது, சாறும் பிசுபிசுவென்று கெட்டியாகும். மஞ்சளும் புளியும் இல்லாத சமையல் ஆனதால் கவிச்சியை மறைக்க இதில் வழியே இல்லை. எனவே கல்லுப்புப் போட்டு வழவழப்புப் போகத் தேய்த்து, நாலு தண்ணீரில் அலசி, நன்றாக வடிய விடுங்கள். விரால் கிடைக்காவிட்டால் கெளுத்தி. கடல் மீனில் கானாங்கெளுத்தி நன்றாக வரும், பாறையும் பரவாயில்லை. விலை கொடுத்து வஞ்சிரம் வாங்காதீர்கள். ரொம்ப நேரம் சுண்டுவதில் சக்கையாகிவிடும்.

மீன் துண்டுகளில் 2 மேசைக்கரண்டி மீன் சாறு, ஒரு டீஸ்பூன் கொரகொரப்பாக இடித்த மிளகு, தட்டிய சின்ன வெங்காயம் 10, பூண்டு 5 பல் சேர்த்துப் புரட்டி 20 நிமிஷம் ஊறட்டும். உப்பு போடவே கூடாது. மீன் சாறே உப்புதான்.

இப்போது சர்க்கரை. அத்தை இரும்புச் சட்டியில் கருக்குவார். கறுப்புச் சட்டியில் நிறம் தெரியாது என்பதால் நான் அடி கனமான சின்ன எவர்சில்வர் பாத்திரத்தில் செய்கிறேன். ஒரு டீஸ்பூன் எண்ணெய், 3 டீஸ்பூன் சர்க்கரை, சிறு தீ. கரண்டி போட்டுக் கிண்டாமல் பாத்திரத்தைப் பிடித்துச் சுழற்றுங்கள். நிறத்தில் சந்தேகம் வந்தால் ஒரு சொட்டை வெள்ளைச் சாசரில் விட்டுப் பாருங்கள், தெரிந்துவிடும். பதம் வந்ததும் தீயை அணைத்துவிட்டுக் கால் டம்ளர் கொதிநீரை ஓரமாக ஊற்றுங்கள். ஊற்றும்போது சீறி எழும், முகத்தைத் தள்ளி வைத்துக் கொள்ளுங்கள். குழந்தைகள் பக்கத்தில் வேண்டவே வேண்டாம். கொதிக்கிற தண்ணீர் பட்டால் வழிந்து ஓடிவிடும், சர்க்கரைப் பாகு தோலில் ஒட்டிக்கொண்டு வேகும். பச்சைத் தண்ணீர் ஊற்றினால் பாகு கல்லாகி நிற்கும், சீறலும் அதிகம்.

மண் சட்டியில் (எங்களுக்கு வில்லியனூர் சட்டி) மீனை ஒரே அடுக்காக வைத்து, கருக்கிய சர்க்கரை நீரை ஊற்றி, ஒரு டம்ளர் இளநீர் விடுங்கள். வியட்நாமின் தென்பகுதி தென்னை நிறைந்த ஊராம், அங்கே இளநீரில்தான் சுண்ட வைப்பார்கள். இளநீர் இல்லாவிட்டால் சமையலுக்கு உடைத்த தேங்காயின் தண்ணீர் போதும். இன்னும் ஒரு டீஸ்பூன் சர்க்கரை, கீறிய பச்சைமிளகாய் 3. கொதி வந்ததும் தீயைக் குறைத்து, பாதி மூடி, அரை மணி முதல் முக்கால் மணி நேரம். கரண்டி போட்டுக் கிளறாதீர்கள். நம்ம மீன் குழம்புக்குச் செய்வது போலச் சட்டியைத் துணியால் பிடித்து அலசிக் கொடுத்தால் போதும். நடுவில் ஒரே ஒரு தடவை துண்டுகளைத் திருப்புங்கள். சாறு சுண்டி, சாய்த்தால் தேன் மாதிரி நகர வேண்டும். இறக்கும்போது இன்னொரு சிட்டிகை மிளகும் வெங்காயத்தாளும் தூவி மூடிவிடுங்கள்.

ருசி பார்த்துச் சொல்வதில் அத்தை பொல்லாதவர். "இனிப்பு வாசல்ல நிக்கக்கூடாதும்மா, கொல்லையில நிக்கணும்" என்பார். முதல் வாயிலேயே இனிப்பு தெரிந்தால் சட்டி தோற்றது என்று அர்த்தம். ஓட்டலில் தக்காளி சாஸும் சோளமாவும் போட்டுச் சிவப்பாக ஒரு இனிப்பு மீன் தருகிறார்களே, அதற்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது. அதைச் சாப்பிட்டவர்கள்தான் இதைக் கேட்டதும் பயப்படுகிறார்கள்.

போன வருஷம் இந்த மீனால் வீட்டில் ஒரு பெரிய சச்சரவே நடந்தது. லீவுக்கு வந்த என் நாத்தனார் சட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "அம்மா கண்ணைக் கெடுத்ததே சர்க்கரை. அதையே போட்டு ஆக்கித் தர்றியே, உனக்கு எப்படி மனசு வருது?" என்று கேட்டுவிட்டார். அத்தை ஒன்றும் பேசவில்லை, தட்டைத் தள்ளி வைத்துவிட்டார். அதற்கப்புறம் இரண்டு மாதம் சைகோன் மீன் என்ற பேச்சே எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. நாத்தனார் சொன்னதில் அக்கறை இருந்தது, அதை மறுக்க முடியாது. மருமகள் வாயைத் திறந்தால் அது வேறு மாதிரி ஆகும். இது நம்மில் பலருக்கும் தெரிந்ததுதானே?

அடுத்த செக்கப்புக்குப் போனபோது, சாப்பாட்டு முறை சொல்லும் அம்மாவிடம் அளவை அப்படியே எழுதிக் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் கணக்குப் போட்டுச் சொன்னது எனக்கே புதுசு. சர்க்கரை, இளநீர் எல்லாம் சேர்த்தாலும் ஒருவர் பங்குக்கு 4 கிராம் போலத்தான் வருகிறது. அதோடு நாம் போட்டுப் பிசைகிற சோறு? 100 கிராம் சோற்றில், அதாவது ஒரு பெரிய கரண்டியில், 28 கிராம் மாவுச்சத்து! "மீனை நிறுத்தாதீங்க, சோத்தைக் குறைங்க" என்றார். அவர் கவலைப்பட்டது சர்க்கரைக்காக இல்லை, உப்புக்காக. மீன் சாறு ஒரு மேசைக்கரண்டியில் ஏறக்குறைய மூன்றரை கிராம் உப்பு இருக்கிறது. ஒரு நாளைக்கு ஒருவருக்கு மொத்த உப்பே 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அத்தைக்குப் பிரஷரும் உண்டு. எனவே மாதம் ஒருமுறை, ஒரு துண்டு, சாறு ஒரு டீஸ்பூன், சோறு ஒரு கரண்டி, கூட நிறைய வேகவைத்த காய், அன்றைக்கு ஊறுகாய், அப்பளம் கிடையாது என்று எழுதிக் கொடுத்தார். இது அத்தைக்குச் சொன்னது. கிட்னிக் கோளாறு உள்ளவர்களுக்குக் கணக்கு வேறு, அவரவர் டாக்டரைக் கேட்டுக் கொள்ளுங்கள்.

அந்தச் சீட்டை நாத்தனாருக்கு போனில் படித்துக் காட்டினேன். ஒரு நிமிஷம் பேச்சில்லை. அப்புறம், "சரி, எனக்கு ஒரு டப்பா எடுத்து வை" என்றார்!

பாட்டி காலத்தில் சர்க்கரை இப்போதைப் போல இரண்டு மடங்கு போடுவார்களாம். தெத் என்கிற அவர்கள் புத்தாண்டுக்கு இதே கருக்கிய சர்க்கரையில் பன்றிக்கறியும் முட்டையும் சுண்ட வைத்து மூன்று நாள் வைத்துச் சாப்பிடுவார்களாம். அதெல்லாம் அத்தை சொல்லக் கேள்விதான், நான் செய்வதில்லை.

தொட்டுக்கொள்ள என்ன என்று கேட்பீர்கள். அங்கே இதற்கு ஜோடி 'கான் சுவா' என்ற புளிநீர். புளி, தக்காளி, வெண்டைக்காய், அன்னாசித் துண்டு போட்டுக் கொதிக்க வைப்பது. கேட்டால் நம்ம ரசத்துக்குத் தங்கச்சி மாதிரி இல்லை? நான் பருப்பில்லாமல் புளி ரசம் வைத்து அதிலேயே நாலு வெண்டைக்காயும் அன்னாசியும் போட்டுவிடுவேன். பெருங்காயம் வேண்டாம், மீனின் மணத்தை அமுக்கிவிடும். மீன் மிஞ்சினால் ஆறியதும் ஃபிரிட்ஜில் வைத்து, மறுநாள் நன்றாகக் கொதிக்க விட்டு எடுங்கள். எங்கள் வீட்டில் மிஞ்சுகிற மாதிரியே வைப்பேன். மறுநாள் சாறு மீனுக்குள் இறங்கியிருக்கும், ருசி அன்றைக்குத்தான்.

புதுவையிலும் காரைக்காலிலும் சைகோன் போய் வந்த குடும்பங்கள் இன்னும் எத்தனையோ இருக்கும். உங்கள் வீட்டுப் பாட்டியோ அத்தையோ இதே மீனை வேறு பக்குவத்தில் வைத்திருந்தால், இஞ்சி சேர்ப்பார்களா, சர்க்கரைக்குப் பதில் வெல்லத்தைக் கருக்குவார்களா என்றெல்லாம் இந்தப் பகுதிக்கு எழுதுங்கள். அத்தைக்கு வாசித்துக் காட்டுகிறேன்.

– ஒரு வாசகி, முதலியார்பேட்டை, புதுச்சேரி.